வைத்தியர் அணிவதும் வாழ்வதும்

அண்மையில் ஒரு மாலை, பாடசாலை கலைந்த பின்னர், எமது ஊர்க் கமக்காரர் ஒருவர் என் அலுவலக வாயிலில் வந்து நின்றார். அவருடைய மூத்த மகன் மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருந்தான். தலைமுறை தலைமுறையாக மண்வெட்டி பிடித்த குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒருவன் வைத்தியனாகப் புறப்படுகின்றான். தந்தையாரின் முகத்திலே பெருமிதமும் கலக்கமும் ஒருங்கே தோன்றின. பையனின் தாய்மாமன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கின்றாராம். வாங்கவேண்டிய பொருள்களை ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். தங்கமுலாம் பூசிய கைக்கடிகாரம், நீண்ட கையுள்ள வெள்ளை மேலங்கி இரண்டு, பளபளக்கும் தோற் சப்பாத்து, கிடைப்பவற்றுள் விலை கூடிய ஸ்டெதஸ்கோப் ஆகியவை அதிலே நிரையாக எழுதப்பட்டிருந்தன.

“இது போதுமோ ஐயா? நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேணும்” என்றார் அவர்.

யானோ கலைப் பட்டதாரி. வரலாறும் இலக்கியமும் கற்பித்தே தலை நரைத்தவன். ஆதலால் அன்றிரவே, என்னிடம் முன்னர் படித்து இன்று அரசாங்க வைத்தியராகக் கடமையாற்றும் ஒருவருடன் தொலைபேசியிற் பேசினேன். அவர் பட்டியலைக் கேட்டுச் சற்றே சிரித்தார். பின்னர், “சேர், ஒவ்வொரு பொருளையும் பற்றி ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். இது நோயாளிக்கு உதவுமா, அன்றித் தடையாகுமா? அவ்வளவுதான். பட்டியலின் கடைசியில் நல்ல தலையணை ஒன்றையும் மறவாமல் எழுதிவிடுங்கள்” என்றார்.

தலையணை என்று அவர் சொன்னது வேடிக்கைக்காக அன்று என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அவர் அன்று விளக்கியவற்றையும், அதன்பின் யான் தேடிப் படித்தவற்றையும் தொகுத்து இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலில் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். வைத்தியரைச் சித்திரத்தில் வரையும் சிறு பிள்ளையும் மறவாமல் வரைவது கழுத்தில் தொங்கும் இக்குழாயையே. 1816ஆம் ஆண்டு வரை இக்கருவி உலகில் இருந்ததில்லை. நோயாளியின் மார்பிலே நேரே காதை வைத்துக் கேட்பதே அக்கால வழக்கு. அவ்வாண்டிலே, பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையிற் கடமையாற்றிய லெய்னெக் என்னும் வைத்தியரிடம் இதயநோயுற்ற இளம் பெண் ஒருத்தி வந்தாள். அவளது மார்பிலே காதை வைத்துக் கேட்பது முறையன்று என அவர் கருதினார். மரக்கட்டையின் ஒரு நுனியில் ஊசியாற் கீறினால் மறு நுனியிற் காதை வைத்திருப்பவனுக்கு அவ்வொலி தெளிவாய்க் கேட்கும் என்பது அவர் நினைவுக்கு வந்தது. உடனே சில கடதாசித் தாள்களை இறுகச் சுருட்டிக் குழலாக்கி, ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறு முனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே காதை வைத்துக் கேட்டபோதிலும் தெளிவாக இதயத்தின் ஓசை கேட்டது. புல்லாங்குழல் வாசிக்கும் பழக்கமுடைய அவர், பின்னர் தம் கையாலேயே மரத்திற் குழல் கடைந்து பயன்படுத்தினார். 1819இல் தமது ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். இரு காதுகளிலும் பொருத்தும் வடிவம் 1850ஐ அடுத்த ஆண்டுகளிலேதான் உருவாயிற்று.

ஒரு பெண்ணின் மானத்தைக் காக்கும் எண்ணத்திலே பிறந்தது இக்கருவி. அன்று அதற்கு ஆன செலவு சில கடதாசித் தாள்களே. ஆகவே விலையைக் கொண்டு இதன் தகுதியை அளத்தல் தகாது. மாணாக்கன் ஒருவனுக்கு வேண்டியவை சிலவே. காதிற் பொருந்தும் முனைகள் மெத்தென்று இறுகப் பொருந்தி வெளியோசையைத் தடுத்தல் வேண்டும். அம்முனைகள் செவித்துளையின் போக்குக்கு இயைய முன்னோக்கிச் சாய்ந்திருத்தல் வேண்டும். மார்பில் வைக்கும் பகுதியிலே தட்டையான தகட்டுப் பக்கம் உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளையும், மணிபோற் குழிந்த பக்கம் தாழ்ந்த சுருதியுள்ள ஒலிகளையும் நன்கு கேட்பிக்கும். இவை செவ்வையாக அமைந்திருந்தால் அதுவே போதும். கேட்டுப் பழகாத காதுக்கு எத்துணை விலையுயர்ந்த கருவியும் பயன்படாது.

வாங்குவதிலும் முக்கியமானது பேணுவது. ஜெனீவாவிலே நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, நோயாளியைச் சோதித்து முடித்த வைத்தியரின் கையையும் ஸ்டெதஸ்கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தது. விரல் நுனிகளுக்கு அடுத்தபடியாகக் கூடுதலான கிருமிகள் காணப்பட்டது ஸ்டெதஸ்கோப்பின் தகட்டிலேயே. உள்ளங்கையிலும் அதிற் கிருமி மிகுதி. கையைக் கழுவும் வைத்தியர் கருவியைத் துடைக்க மறந்தால், கழுவிய பயன் பாதியாகும். அற்ககோல் தோய்த்த ஒரு சிறு பஞ்சுத் துண்டு போதும். செலவு மிகச் சிறிது.

இரண்டாவது, கைக்கடிகாரம். நாடியை எண்ணிப் பார்ப்பதற்குக் கடிகாரம் வேண்டும் என்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகின்றது. ஆனால் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது புதுமை. இங்கிலாந்தைச் சேர்ந்த சேர் ஜோன் புளோயர் என்னும் வைத்தியர் ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, அதன் துணையால் நாடித் துடிப்பை எண்ணும் முறையை 1707இல் வெளியிட்ட தமது நூலில் விளக்கினார். எங்கள் நாட்டு வைத்தியர்கள் மூன்று விரல்களால் நாடியின் நடையை உணர்ந்தார்கள். இவர் அதன் எண்ணிக்கையையும் அளந்தார்.

ஆயின், தங்கமுலாம் பூசிய கைக்கடிகாரத்தில் என்ன குறை? மணிக்கட்டிற் கட்டிய எதுவும் கை கழுவுவதற்குத் தடையாகும். கடிகாரப் பட்டையின் கீழும் மோதிரத்தின் கீழும் தண்ணீரும் சவர்க்காரமும் நன்கு செல்வதில்லை. கிருமிக்கோ அது வசதியான இருப்பிடம். இதனாலேயே இங்கிலாந்தின் சுகாதாரத் திணைக்களம் 2007ஆம் ஆண்டில், நோயாளியைத் தொட்டுப் பராமரிப்போரின் கைகள் முழங்கைக்குக் கீழே வெறுமையாக இருத்தல் வேண்டும் என்று வழிகாட்டியது. நீண்ட கைச்சட்டை, கைக்கடிகாரம் முதலியன விலக்கப்பட்டன. தாதியர் சட்டையின் முன்புறத்திலே தலைகீழாய்த் தொங்கவிடும் சிறு கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். குனிந்து நோக்கும் தாதிக்கு அது நேராகத் தெரியும். கைகளும் விடுதலையாக இருக்கும். அந்த எளிய ஏற்பாட்டிலே நீண்டகால அனுபவம் அடங்கியுள்ளது.

இனி, வெள்ளை மேலங்கியைப் பற்றிச் சிறிது கூறுவேன். வைத்தியர் என்றாலே வெள்ளை உடை என்பது நெடுங்கால வழக்கன்று. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலே மேனாட்டு வைத்தியர்கள் கறுப்பு மேலங்கி அணிந்தே சத்திரசிகிச்சை செய்தார்கள். அமெரிக்க ஓவியர் தோமஸ் ஈக்கின்ஸ் 1875இலும் 1889இலும் இரண்டு சத்திரசிகிச்சைக் காட்சிகளைத் தீட்டினார். முன்னையதில் வைத்தியர்கள் கறுப்பு உடையில் நிற்கின்றனர். பின்னையதில் வெள்ளை உடையில் நிற்கின்றனர். அந்தப் 14 ஆண்டுகளிலே மருத்துவ உலகிற் பரவிய கிருமிக் கொள்கையே இம்மாற்றத்தின் காரணம். கறுப்புத் துணி அழுக்கை மறைக்கும். வெள்ளைத் துணி அதனைக் காட்டிக் கொடுக்கும். வெள்ளை நிறத்தின் பெருமை அதுவே. பின்னர், சத்திரசிகிச்சை அறையில் வெள்ளை நிறம் விளக்கொளியிலே கண்ணைக் கூசச் செய்தமையால் பச்சையும் நீலமும் அங்கே இடம்பெற்றன. இரத்தத்தின் செந்நிறத்தையே நெடுநேரம் உற்று நோக்கும் கண்ணுக்கு அந்நிறங்கள் ஆறுதல் தரும்.

உடையைப் பற்றிப் பேசும்போது எங்கள் மானிப்பாயை மறத்தல் இயலாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், பின்னர் தமிழிலேயே கற்பிக்கலானார். ஆங்கில மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். தம் மாணாக்கர் மேனாட்டு உடையிலும் நடையிலும் மயங்கி ஊரை விட்டு அகலாமல், உள்நாட்டு உடையும் வாழ்க்கை முறையும் உடையவராய்த் தம் மக்களிடையே தொண்டாற்ற வேண்டும் என்பது அவர் விருப்பம். வைத்தியரின் உடை நோயாளியை அவரிடம் அணுகச் செய்யவும் கூடும், அஞ்சி விலகச் செய்யவும் கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்றும் அக்கருத்து பழுதானதன்று. வெப்பம் மிகுந்த எங்கள் நாட்டிலே, அடிக்கடி துவைத்து உலர்த்தக்கூடிய பருத்தி உடையே நல்லது. விலையுயர்ந்த ஒன்றினும், நாள்தோறும் மாற்றக்கூடிய எளியவை நான்கு மேலானவை.

கிறீன் இங்கே வந்த அதே 1847ஆம் ஆண்டிலே, வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் இளம் வைத்தியர் ஒரு பெரும் துயரின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் பணியாற்றிய பிரசவ விடுதியில், ஏப்ரல் மாதத்திலே தாய்மாருள் நூற்றுக்கு 18 பேர் பிரசவக் காய்ச்சலால் மாண்டனர். பிரேத பரிசோதனை செய்த கையோடு மாணாக்கர் பிரசவம் பார்க்க வருவதே காரணம் எனக் கண்ட அவர், குளோரீன் சேர்ந்த சுண்ணாம்பு நீரிலே அனைவரும் கை கழுவ வேண்டும் என்று மே மாதத்திற் கட்டளையிட்டார். ஜூலை மாதத்தில் மரணம் நூற்றுக்கு ஒன்றளவாய்க் குறைந்தது. ஆயினும், வைத்தியரின் கையே நோயைக் காவியது என்ற கூற்றைப் பல வைத்தியர்கள் ஏற்க மறுத்தார்கள். மனம் நொந்து வாழ்ந்த செம்மல்வைஸ் 1865இல் மறைந்தார். தாய்மாரைக் காத்தது புதுக் கருவி ஒன்றுமன்று. ஒரு பாத்திரம் நீரும், தம் பிழையை ஒப்புக்கொள்ளும் மனமுமே.

கையுறையின் வரலாறு வேறு வகையானது. 1889ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையிலே, சத்திரசிகிச்சை அறைத் தாதியாகிய கரோலின் ஹம்ப்டனின் கைகள் கிருமிகொல்லி மருந்தினாற் புண்பட்டன. அவரது துன்பத்தைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் ஹோல்ஸ்டெட், இறப்பர்க் கம்பெனி ஒன்றிடம் மெல்லிய கையுறைகள் செய்வித்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டில் இருவரும் மணம் புரிந்தனர். பணியாளரின் தோலைக் காக்கப் பிறந்த கையுறை, பின்னர் நோயாளியையும் காக்கும் என்பது தெளிவாயிற்று. நோயாளியின் நலமும் அவரைப் பராமரிப்பவரின் நலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்திலே இவ்வுண்மையை உலகம் முழுவதும் கண்டது. முகக்கவசம் போதியளவு கிடையாத இடங்களில் வைத்தியரும் தாதியரும் நோயாளிகளாயினர். என்-95 எனப்படும் கவசம் மிக நுண்ணிய துணிக்கைகளில் நூற்றுக்கு 95ஐயேனும் வடிகட்ட வல்லது. எனினும் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினாலன்றி அதனாற் பயன் இல்லை.

சப்பாத்தைப் பற்றியும் ஒரு சொல். நோயாளர் விடுதியில் ஒரு நாளின் பெரும்பகுதியை நின்றும் நடந்தும் கழிப்பவருக்குப் பளபளப்பு உதவாது. ஈரத் தரையில் வழுக்காத அடி, விரல்களை நெருக்காத அகலம், ஊசியோ கத்தியோ தவறி விழுந்தால் பாதத்தைக் காக்கும் மூடிய முன்புறம், கழுவித் துடைக்கக்கூடிய மேற்புறம் ஆகியவையே வேண்டும். நெடுநேரம் நிற்பவர்களின் கால்களில் நாளங்கள் புடைத்து வருத்துவது உண்டு. இடையிடையே அமர்ந்து கால்களுக்கு ஓய்வு கொடுப்பதைச் சோம்பல் என்று எவரும் எண்ணலாகாது.

நேயர்களே, இப்போது தலையணைக்கு வருகின்றேன்.

என் பழைய மாணாக்கர் தமது உள்ளகப் பயிற்சிக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொன்னார். ஓர் இரவும் அதை அடுத்த பகலும் உறங்காமற் கடமையாற்றிய பின்னர், ஒரு குழந்தைக்குக் கொடுக்கவேண்டிய மருந்தின் அளவை எழுதும்போது தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்துவிட்டாராம். பத்து மடங்கு மருந்து. அனுபவமுள்ள தாதி ஒருவர் அதைக் கண்டு, “டொக்டர், இதை ஒருக்கால் திரும்பப் பாருங்கோ” என்று அமைதியாகச் சொன்னார். குழந்தை தப்பியது. “அந்தத் தாதி அன்று விடுமுறையில் இருந்திருந்தால், சேர்?” என்று கேட்டு அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். என்னாலும் பதில் சொல்ல இயலவில்லை. வகுப்பிலே கணக்கில் ஒருபோதும் பிழைவிடாத பிள்ளை அவர்.

இஃது ஒருவரின் குறைபாடன்று. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் நூற்றுக்கு 0.05 அளவு அற்ககோல் உள்ளவரின் நிலைக்கு இறங்குகின்றது என்று 1997இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மது அருந்தியவர் சத்திரசிகிச்சை செய்ய வந்தால் நாம் பதறுவோம். உறங்காதவர் வந்தாலோ, அவரது கடமையுணர்ச்சியைப் பாராட்டுகின்றோம்.

நியூயோர்க் நகரிலே 1984இல் 18 வயது மங்கை ஒருத்தி, மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட சில மணி நேரத்துள் உயிர்நீத்தாள். பயிற்சி வைத்தியர்களின் நீண்ட வேலைநேரமும் அவர்களுக்குக் கிடைத்த மேற்பார்வையின் குறைவும் பெரும் விவாதத்துக்கு உள்ளாயின. அதன் விளைவாக 1989இல் அம்மாநிலத்திலும், 2003இல் அமெரிக்கா முழுவதிலும், பயிற்சி வைத்தியரின் வேலைநேரம் வாரத்துக்கு 80 மணி என்று வரையறுக்கப்பட்டது. 2004இல் வெளியான ஆய்வொன்றிலே, 24 மணிக்கும் மேற்பட்ட நீண்ட முறைகளில் வேலை செய்த பயிற்சி வைத்தியர்கள், அம்முறை நீக்கப்பட்டபோது விட்டதிலும் நூற்றுக்கு 36 கூடுதலான பாரதூரமான பிழைகளை விட்டமை தெரியவந்தது. அத்தகைய நீண்ட முறைக்குப் பின் வாகனமோட்டி வீடு திரும்புகையில் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பும் இரண்டு மடங்குக்கு மேலாகும் என 2005இல் வெளியான ஆய்வு கூறிற்று.

எனினும் நேரத்தைக் குறைத்தால் மாத்திரம் எல்லாம் சீராகிவிடும் என்று எண்ணுதல் தவறு. ஒருவர் போய் மற்றவர் வரும்போது நோயாளியைப் பற்றிய செய்தி முழுமையாகக் கையளிக்கப்படாவிட்டால், அங்கேயும் பிழை நுழையும். ஆதலால் சட்டைப் பையிலே ஒரு சிறு குறிப்புப் புத்தகமும் பேனாவும் வைத்திருத்தல் நன்று. மருத்துவ மாணாக்கனுக்கு யான் மனமுவந்து வாங்கிக் கொடுக்கக்கூடிய பொருள் அதுவே.

உறக்கத்தோடு உணவையும் தம் நோய்க்கான சிகிச்சையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு நேரத்துக்கு உண்ணும்படி புத்தி சொல்லும் வைத்தியர், தாம் தேநீரோடு பகலைக் கழிப்பது உண்டு. தமக்கு நோய் வந்தால் வேறு வைத்தியரிடம் காட்டாது தாமே மருந்து எழுதிக்கொள்வதும் உண்டு. ஸ்டெதஸ்கோப்பைத் தந்த லெய்னெக், அதன் துணைகொண்டு சயரோகத்தை நுணுகி ஆராய்ந்தவர். 1826இல், தமது 45ஆவது வயதில், அதே சயரோகத்துக்கு அவர் இரையானார். அந்நோய்க்கு அக்காலத்தில் மருந்தில்லை. மருந்தும் ஓய்வும் கிடைக்கக்கூடிய இக்காலத்தில், தம் உடலைப் புறக்கணிப்பதைத் தியாகம் என்று கொள்ளல் முறையன்று.

இதனை உலக வைத்தியர்களே ஏற்றுக்கொண்டுள்ளார்கள். உலக மருத்துவ சங்கம் 1948இல் ஜெனீவாவில் ஏற்றுக்கொண்ட வைத்தியர் உறுதிமொழி பலமுறை திருத்தப்பட்டது. 2017ஆம் ஆண்டின் திருத்தத்திலே, மிக உயர்ந்த பராமரிப்பை அளிக்கும்பொருட்டு வைத்தியர் தமது உடல்நலத்தையும் நல்வாழ்வையும் ஆற்றலையும் பேணுவார் என்னும் கருத்து புதிதாகச் சேர்க்கப்பட்டது. இது திருவள்ளுவரை அறிந்த எங்களுக்கு வியப்பைத் தராது. மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியிலே, நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அதை அருகிருந்து கொடுப்பவன் என்னும் நான்கையும் மருத்துவத்தின் கூறுகளாக அவர் வைக்கின்றார். மருந்து பழுதாகாமற் குளிரிலும் நிழலிலும் பேணுகின்றோம். தீர்ப்பவனையும் கொடுப்பவனையும் அவ்வாறு பேண வேண்டாமா?

இதில் ஊராராகிய எங்களுக்கும் பங்குண்டு. மூன்று நாட்களாக இருக்கும் சாதாரண தடிமனுக்காக நள்ளிரவில் வைத்தியரின் படலையைத் தட்டுவதும், கலியாண வீட்டிலே உணவருந்தும் வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனைக் கடதாசியை நீட்டுவதும் எங்கள் வழக்கங்கள். உயிராபத்துக்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. அதற்கு வைத்தியரை எழுப்பத் தயங்கலாகாது. மற்றவற்றுக்கு விடியும்வரை பொறுத்திருப்பது, நாளை அவரிடம் போகவிருக்கும் இன்னொருவரின் பிள்ளைக்கு நாம் செய்யும் உதவி.

மறுநாள் அந்தத் தந்தையார் மீண்டும் வந்தார். பட்டியலைத் திருத்தி எழுதினோம். தங்கமுலாம் பூசிய கடிகாரம் நீங்கியது. எளிய, நல்ல ஸ்டெதஸ்கோப் ஒன்று, வழுக்காத சப்பாத்து ஒரு சோடி, துவைத்து மாற்றக்கூடிய அரைக்கைச் சட்டைகள், குறிப்புப் புத்தகங்கள். மீதிப் பணத்தைப் பாடநூல்களுக்கு ஒதுக்கினோம். கடைசியாகத் தலையணை என்று எழுதியபோது அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காரணத்தைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “அவன் லீவிலை வந்தால் முதல்நாள் ஒருத்தரும் எழுப்பக்கூடாது எண்டு தாய்க்குச் சொல்லிவைக்கிறன்” என்றார்.

அவர் சொன்னதையே உங்களுக்கும் சொல்லி விடைபெறுகின்றேன்.